வாக்கியக் கணக்கில் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

"ஒரு தொட்டியில் இருந்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு செடிகளுக்குப் போனது. மீதியில் நான்கில் ஒரு பங்கு தரையைக் கழுவச் செலவானது. இப்போது 150 லிட்டர் இருக்கிறது. முதலில் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தது?"

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் எதிரே உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டாள். பின்னங்களில் அவள் கெட்டி. மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டி, பன்னிரண்டில் ஏழு என்றாள். அப்படியானால் எஞ்சியது பன்னிரண்டில் ஐந்து; அதுதான் 150 லிட்டர்; ஆகவே மொத்தம் 360. ஓர் இடத்தில்கூடக் கை பிசகவில்லை. விடையும் முழு எண்ணாக வந்து நின்றது. ஆனாலும் தவறு.

"மீதியில்" என்ற சொல்லை அவள் படித்தாள். ஆனால் அந்தச் சொல் சொன்னதைக் கேட்கவில்லை. நான்கில் ஒரு பங்கு என்றவுடன் முழுத் தொட்டியில் நான்கில் ஒரு பங்கை எடுத்துவிட்டாள். பல ஆண்டுகளாகப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திவரும் எனக்கு இது மிகப் பழகிய காட்சி. வாக்கியக் கணக்கில் மதிப்பெண் போவது பெரும்பாலும் கூட்டல், பெருக்கலில் அல்ல. பேனா காகிதத்தைத் தொடுவதற்கு முன்பே போய்விடுகிறது.

எண்களைக் கண்டவுடன் பாய்வதுதான் தவறுகளில் முதன்மையானது. 1979-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கணக்கு கொடுக்கப்பட்டது: ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? ஆடுகளின் எண்ணிக்கைக்கும் தலைவரின் வயதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் 97 பிள்ளைகளில் 76 பேர் கொடுத்த எண்களை வைத்து ஒரு வயதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாளில் எண்கள் இருந்தால் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று அதுவரை அவர்களைப் பழக்கியவர்கள் பெரியவர்களான நாம்தான்.

அந்தப் பழக்கத்தை வளர்ப்பதில் "மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, அதிகம் என்றால் கூட்டு, குறைவு என்றால் கழி" என்ற பாடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பல வகுப்பறைச் சுவர்களில் அட்டையாகவே தொங்கும். அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கணக்கைப் பாருங்கள்: மாலாவிடம் 12 பென்சில்கள் உள்ளன. இது கவிதாவிடம் இருப்பதைவிட 5 குறைவு. கவிதாவிடம் எத்தனை? "குறைவு" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட பிள்ளை 12-இலிருந்து 5-ஐக் கழித்து 7 என்று எழுதும். விடை 17. குறைவாக வைத்திருப்பவள் மாலா. "யாரிடம் அதிகம்?" என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் போதும், 7 என்று எழுதக் கை வராது. "மூன்று பேரிடம் மொத்தம் 45 புத்தகங்கள், இருவரிடம் 28, மூன்றாமவரிடம் எத்தனை?" என்ற கணக்கில் "மொத்தம்" இருக்கிறது, ஆனால் கழிக்க வேண்டும்.

தமிழில் கணக்குப் படிப்பவர்களுக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் மொழியில் பொருள் சொல்லின் வாலில் இருக்கிறது. ஐ, ஆல், இல், இலிருந்து, விட, ஆக ஆகிய இந்தச் சிறு ஒட்டுகள்தான் எந்த எண் எந்த எண்ணை என்ன செய்கிறது என்று சொல்கின்றன. "எண்ணிக்கை 36 கூடியது" என்பதும் "எண்ணிக்கை 36 ஆகக் கூடியது" என்பதும் ஒன்றல்ல. முதலில் 30 இருந்தால், முன்னதில் இப்போது 66, பின்னதில் 36. "3-ஆல் 12-ஐ வகு" என்றால் 12 ÷ 3 தான். ஆனால் கண்ணில் படும் வரிசையிலேயே எழுதிப் பழகிய பிள்ளை 3 ÷ 12 என்று எழுதுகிறது. "7-ஐ 20-இலிருந்து கழி" என்பதிலும் இதே கதை. ஆகவே எண்களை வட்டமிடச் சொல்வதைவிட, எண்ணை அடுத்து வரும் ஒட்டை அடிக்கோடிடச் சொல்லுங்கள். நான் அப்படிச் சொல்லத் தொடங்கிய பிறகு, சில பிள்ளைகள் கணக்கை வாய்விட்டுப் படிக்கும்போது அந்த இடத்தில் குரலை அழுத்துவதைக் கேட்டிருக்கிறேன். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும் என்பதால், முற்றுப்புள்ளி வரை படித்த பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

இயற்கணிதம் தொடங்கியதும் இதே சறுக்கல் வேறு வடிவில் வருகிறது. "ஆசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள்" என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னால் பலர் 6மா = ஆ என்று எழுதுகிறார்கள். அமெரிக்காவில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு இதே கணக்கைக் கொடுத்தபோது மூன்றில் ஒருவருக்கும் மேல் தவறவிட்டார்கள். காரணம், "மா" என்ற எழுத்தை மாணவர் என்ற சொல்லின் சுருக்கமாக நினைப்பது. அது மாணவர்களின் எண்ணிக்கை. 10 ஆசிரியர்கள் என்று வைத்துப் பாருங்கள், 60 மாணவர்கள். ஆகவே மா = 6ஆ. சமன்பாடு எழுதியவுடன் இப்படி ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

வகுத்து மீதி வரும் கணக்குகளில் நடப்பது வேறு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு வந்த கேள்வி இது: ஒரு பஸ்ஸில் 36 வீரர்கள் போகலாம், 1,128 வீரர்களுக்கு எத்தனை பஸ்கள் வேண்டும்? சுமார் 70 விழுக்காட்டினர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 32 என்ற விடையை எழுதியவர்கள் 23 விழுக்காட்டினர் மட்டுமே. 29 விழுக்காட்டினர் "31, மீதி 12" என்று எழுதினார்கள். 18 விழுக்காட்டினர் 31 என்று நிறுத்தினார்கள். அந்த 12 வீரர்கள் சாலையிலேயே நிற்கிறார்கள்.

ஈவும் மீதியும் கிடைத்தபின் மறுபடி கதைக்குள் போகவேண்டும். 50 ÷ 8 என்ற ஒரே வகுத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 50 பேரை, வண்டிக்கு 8 பேராக ஏற்ற 7 வண்டிகள் வேண்டும். 50 மீட்டர் கயிற்றில் 8 மீட்டர்த் துண்டுகள் 6 தான் கிடைக்கும். 50 லிட்டரை 8 குடங்களில் சமமாக நிரப்பினால் குடத்துக்கு 6.25 லிட்டர். எந்த விடை பொருந்தும் என்பதை வகுத்தல் சொல்லாது, வண்டியும் கயிறும் குடமும்தான் சொல்லும்.

அலகுத் தவறுகளை எல்லா ஆசிரியர்களும் எச்சரிக்கிறார்கள், நான் நீட்டவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: 1.5 மணி நேரம் என்பது 1 மணி 50 நிமிடம் அல்ல, 1 மணி 30 நிமிடம். தசமப் புள்ளிக்கு 60 தெரியாது. 45 + 15 = 60 ÷ 4 = 15 என்று சமக்குறியைச் சங்கிலியாகக் கோத்து எழுதுவதையும் விட்டுவிட வேண்டும்; அப்படி எழுதினால் 45-உம் 15-உம் சேர்ந்து 15 என்று தாள் சொல்கிறது.

சராசரி வேகக் கணக்கு பெரியவர்களையும் ஏமாற்றும். போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 40, சராசரி வேகம்? 50 என்று வாயில் வந்துவிடும். தூரம் 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போக 2 மணி, வர 3 மணி. 240 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம், அதாவது மணிக்கு 48. மெதுவான வேகத்தில்தான் கூடுதல் நேரம் கழிந்தது; அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுக் கேட்டதைச் சொல்லாமல் விடுவதும் உண்டு. தந்தைக்கு 40 வயது, மகனுக்கு 10. தந்தையின் வயது மகனின் வயதைப்போல் மூன்று மடங்காகும்போது மகனின் வயது என்ன? எத்தனை ஆண்டுகள் கழித்து என்பதை x என்று வைத்து, x = 5 என்று கண்டுபிடித்தவுடன் கீழே இரட்டைக் கோடு போட்டுவிடுகிறார்கள். கேட்டது வயது, 15. நோட்டில் முதல் வரியாகவே "மகனின் வயது = ?" என்று எழுதிவைத்தால் இது நடக்காது.

தொட்டிக் கணக்குக்கு வருகிறேன். அந்த மாணவியிடம் நான் தவறு என்று சொல்லவில்லை. "360 லிட்டர் தண்ணீரை இந்தத் தொட்டியில் ஊற்று. கணக்கில் சொன்னபடி செலவு செய்து காட்டு" என்றேன். செடிகளுக்கு 120; மீதி 240. அதில் நான்கில் ஒன்று 60, மீதி 180. அவள் கை நின்றுவிட்டது. கேள்வியை மேலே தேடிப் போய் "மீதியில்" என்ற சொல்லில் விரலை வைத்தாள்.

பிறகு ஒரு நீளப் பட்டை வரைந்து மூன்றாகப் பிரித்து ஒன்றை அடித்தாள். எஞ்சிய இரண்டு கட்டங்களையும் பாதி பாதியாக்கினாள். நான்கு சிறு கட்டங்கள். அதில் ஒன்றை அடித்தாள். நின்றவை மூன்று, அவைதான் 150 லிட்டர். ஒரு சிறு கட்டம் 50. முழுப் பட்டையில் அப்படி ஆறு. 300 என்று எழுதிவிட்டு, நான் கேட்காமலேயே மறுபடி மேலிருந்து தொடங்கினாள்: 100 போனது, 200 மீதி; அதில் 50 போனது, 150.