கஞ்சியைத் தண்ணீர் விடாமல் இளக்குவது எப்படி?

காசிமேட்டில் கைக்குழந்தைகளின் தாய்மார்களுக்கு ஊட்டச்சத்து வகுப்பு எடுக்கத் தொடங்கியபோது, கேழ்வரகுக் கஞ்சி கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவர்களும் கொடுத்தார்கள்; ஆனால் வீடுகளுக்குப் போய்ப் பார்த்தபோது அது டம்ளரில் ஊற்றிக் குடிக்கும் பதத்தில் இருந்தது. "கெட்டியா குடுத்தா தொண்டைல அடைச்சிக்குதுக்கா" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் தவறில்லை. ஆயினும் 8 கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 240 மில்லிதான் கொள்ளும். அதில் பெரும்பகுதி தண்ணீராகிவிட்டால் மாவுக்கு இடம் ஏது?

இதற்கு முளைகட்டிய மாவு உதவும். இதுபோல் தாய்மார்களுக்கு வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்காக அதைச் சொல்கிறேன். முளைக்கும் தானியத்தில் உருவாகும் அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்கிவிடும்.

முதலில், கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி 2 நாள் முளைவிட்டு, வெயிலில் நன்கு காயவைத்து, முளையைத் தேய்த்து உதறிவிட்டுப் பொடியுங்கள். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டிதான் தேவை என்பதால், அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸியே போதும். மில்லுக்கு நான் அனுப்புவதில்லை. முன்னால் அரைத்தவரின் மிளகாய்க் காரம் நம் மாவில் ஏறிவிடும்.

நான் சறுக்கியது இங்கேதான். சத்துமாவுக்கு வறுப்பதுபோல, முளைகட்டிய கேழ்வரகையும் மணம் வரும்வரை வறுத்துவிட்டேன். அடுத்த முறை வறுக்காத மாவையே கொதிக்கும் கஞ்சியில் கொட்டினேன். இரண்டு முறையும், கூடியிருந்த தாய்மார்கள் முன்னிலையில், கஞ்சி களியாகவே நின்றது. அதிகச் சூடு நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பது பிறகுதான் புரிந்தது.

ஆகவே வகுப்பில், 4 மேசைக்கரண்டி சாதாரணக் கேழ்வரகு மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கெட்டியாகக் காய்ச்சி, இறக்கிவைத்து, கொதி அடங்கிச் சூடு மிச்சமிருக்கும்போது முளைமாவைக் கலந்து 10 நிமிடம் பொறுத்திருங்கள். இளகியதும் ஒரு கொதி வரும்வரை மீண்டும் சூடாக்கி, ஆறவைத்து ஊட்டச் சொல்லுங்கள். படம் ஒட்டிய அட்டைகள் எதுவும் வேண்டாம். கரண்டியைச் சரிக்கும்போது கஞ்சி ஒழுகாமல் மெல்ல வழிவதை அவர்களே பார்த்தால் போதும். அதிகாலையில் மீன் வாங்கப் போகிறவர்கள் பலர் என்பதால், வகுப்பைப் பிற்பகல் 3 மணிக்கு வையுங்கள்.

பின்சேர்க்கை: கஞ்சியில் கருவாட்டுப் பொடி சேர்க்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதில் உப்பு மிகுதி. பச்சை நெத்திலியை வேகவைத்து, தலையும் முள்ளும் நீக்கி மசித்துச் சேர்க்கலாம். மழைக்காலத்தில் முளைகட்டிய கேழ்வரகில் பூஞ்சை தெரிந்தால், கழுவிப் பார்க்காமல் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.