மின்சார வேனின் முன்பக்க சஸ்பென்ஷன் புஷ்ஷை வீட்டிலேயே மாற்றுதல்

எங்கள் குடும்பத்தின் மின்சார வேன், காத்ர் போர்னிலிருந்து தீவின் நாலா பக்கமும் கல்யாண வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வண்டி. மொரிசியசில் செத் காரி என்று எல்லாரும் சொல்லும் ஏழுகறிச் சாப்பாட்டுக்கான அண்டாக்களை ஏற்றிக்கொண்டு போகும்போது, பாத்திரங்களின் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மஹேபூரிலிருந்து வெறும் வண்டியோடு திரும்பும்போதுதான், ஒவ்வொரு வேகத்தடையிலும் இடது முன்சக்கரத்தின் பக்கம் ‘டொக்’ என்று ஓர் ஓசை எழுவதைக் கேட்டேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபோதும் அதே ஓசை, சற்று மெல்லியதாக, வந்தது. சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கைதான் லோயர் ஆர்ம். அது சட்டத்தோடு சேரும் இடத்தில், ஒன்றுக்குள் ஒன்றான இரு குழாய்களுக்கு இடையே ரப்பர் ஒட்டிய துண்டுதான் புஷ். அந்த புஷ் இரண்டும் தேய்ந்திருந்தன. அவற்றை நானே மாற்றினேன். ஐந்தே மாதத்தில் மறுபடியும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது முறையில் கற்றுக்கொண்டதை எழுதவே இந்தப் பதிவு.

சக்கரம் கழற்றத் தெரிந்தவர்களுக்கும் ஜாக்கி, ஸ்டாண்ட் இவற்றை முன்பே கையாண்டவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். நிசான் இ-என்வி200, ரெனோ கங்கூ இசட்.இ. போன்ற வேன்கள் முன்சக்கர இழுவை கொண்டவை. முன்பக்கம் மெக்ஃபெர்சன் அமைப்புடையவை; அதாவது ஷாக் அப்சார்பரும் சுருள்வில்லும் ஒரே தூணாக நிற்பவை. அவற்றில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு லோயர் ஆர்ம் உண்டு. அதன் உள்முனையில் முன்னும் பின்னுமாக இரண்டு புஷ், வெளிமுனையில் பந்து வடிவ மூட்டான ஒரு பால் ஜாயின்ட். இங்குள்ள உதிரிபாகக் கடைகளில் புஷ் என்று கேட்டால் சிலருக்குப் புரிவதில்லை. சிலான்பிளோக் என்று கேளுங்கள். ஆர்முக்குத் த்ரியாங்கல் என்று பெயர்.

மின்சார வேனில் இந்த ரப்பர் துண்டுகளுக்கு வேலை அதிகம். தரைக்கு அடியில் கால் டன்னுக்குக் குறையாத பேட்டரி தொங்குகிறது. மோட்டாரின் இழுவிசை காலை வைத்த கணமே முழுமையாக வந்துவிடுகிறது. காலை எடுத்தால் மோட்டாரே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பேட்டரியை நிரப்புகிறது. சுமார் 550 மீட்டர் உயரத்திலுள்ள கியூர்பிப்பிலிருந்து போர்ட் லூயிசுக்கு இறங்கும் வழியில் இந்த முன்னிழுப்பும் பின்னிழுப்பும் எத்தனை முறை மாறி மாறி நிகழும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஆர்ம் முன்னும் பின்னும் அசைய முயல்கிறது. அதைத் தாங்கிக்கொள்வது பெரும்பாலும் பின் புஷ்.

முதலில் நோயைச் சரியாகக் கண்டுபிடியுங்கள்

ஓசை வந்தவுடன் புஷ்ஷை வாங்கிவிட வேண்டாம். ஸ்டெபிலைசர் லிங்க், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பரின் மேல்தாங்கி ஆகிய மூன்றும் இதே போல ஓசை எழுப்பும். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பின், ஒரு நெம்புகோலை ஆர்முக்கும் அது பொருந்தியிருக்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேமுக்கும் இடையே விட்டு மெதுவாக நெம்புங்கள். டார்ச் வெளிச்சத்தில் ரப்பரை மட்டும் பாருங்கள். நல்ல புஷ் சிறிது நெகிழ்ந்து உடனே திரும்பும். என் வண்டியின் பின் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயை விட்டு அரை வட்டத்துக்குப் பிரிந்திருந்தது. நெம்பும்போது அந்தப் பிளவு வாய் திறப்பதும் மூடுவதும் தெரிந்தது. சில புஷ்களுக்குள் எண்ணெய் நிரப்பியிருப்பார்கள். அதைச் சுற்றி ஈரமும் கறுப்புக் கறையும் இருந்தால் அது முடிந்துவிட்டது என்று பொருள். மேற்பரப்பில் தெரியும் மயிரிழை வெடிப்புகளுக்காக மட்டும் மாற்றத் தேவையில்லை.

தூக்குவதற்கு முன்

சமதளத்தில் நிற்கும் வண்டியில், முன்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்பு வரை நேர்கோட்டில் அளந்து எழுதி வையுங்கள். என் வண்டியில் இடப்பக்கம் 388 மில்லிமீட்டர், வலப்பக்கம் 391. முதல் முறை நான் இந்த அளவை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஐந்து மாத உழைப்பு வீணாகியிருக்காது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சார்ஜர் கேபிளைக் கழற்றி, வண்டியை அணைத்து, சாவியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். கியரை ‘பி’யில் வைத்தது போதும் என்று நினைக்காதீர்கள். இந்த வேன்களில் அந்தப் பூட்டு முன்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. முன்பக்கத்தைத் தூக்கிய பின் அது எதையும் பிடித்து நிறுத்தாது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு இரு பக்கமும் முட்டுக்கட்டை வையுங்கள். ஜாக்கியையும் ஸ்டாண்டையும் கையேடு காட்டும் இடங்களில் மட்டுமே வைக்க வேண்டும். பேட்டரிப் பெட்டியின் அடியில் ஜாக்கியை ஒருபோதும் வைக்காதீர்கள். ஒரு சிறு நெளிவு கூட உள்ளிருக்கும் செல்களைக் கெடுக்கக்கூடும். ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தம் செல்பவை. இந்த வேலையில் அவற்றைத் தொட வேண்டிய தேவையே இல்லை. நெம்புகோல் அவற்றின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்மைக் கழற்றுதல்

முந்தைய நாள் மாலையே எல்லா போல்ட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் தெளித்து வையுங்கள். கடலோரச் சாலைகளில் ஓடும் வண்டிகளில் போல்ட், புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடுகிறது. சக்கரத்தைக் கழற்றி, பால் ஜாயின்ட்டை, சக்கரத்தைத் தாங்கும் பாகமான நக்கிளிலிருந்து விடுவியுங்கள். சில வண்டிகளில் அதை ஒரு குறுக்குப் போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும். சிலவற்றில் கூம்பு வடிவத் தண்டும் நட்டும் இருக்கும். கூம்பு வகைக்குப் பால் ஜாயின்ட் புல்லர் வாங்கிக்கொள்ளுங்கள். கவை போல முனை பிளவுபட்ட கருவியைச் சுத்தியலால் அடித்து இறக்கும் முறை ரப்பர் உறையைக் கிழித்துவிடும். பால் ஜாயின்ட்டை மீண்டும் பயன்படுத்துவதாக இருந்தால் அந்த வழி வேண்டாம்.

ஆர்ம் விடுபட்டதும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயப் பார்க்கும். உடனே கயிற்றால் கட்டி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் டிரைவ் ஷாஃப்டின் உள்மூட்டு கழன்று வரும்; பிரேக் ஹோஸும் இழுபடும். பின்னர் உள்முனைப் போல்ட்டுகளைக் கழற்றி ஆர்மை வெளியே எடுங்கள்.

புஷ்ஷா, முழு ஆர்மா?

புதிய புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் பொருத்தப்பட்ட முழு ஆர்ம் கிடைத்தால், முதல் முறை செய்பவர்கள் அதையே வாங்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. விலை கூடுதல்தான், ஆனால் புஷ்ஷை அழுத்தி இறக்கும் பிரஸ் தேவையில்லை, புஷ் கோணலாக இறங்கும் அபாயமும் இல்லை. என் வண்டிக்கு முழு ஆர்ம் கப்பலில் வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள், கல்யாணங்கள் காத்திருக்குமா? ஆகவே புஷ் மட்டும் வாங்கினேன்.

பழைய புஷ்ஷை எடுப்பதற்கு முன், அதன் ரப்பரில் உள்ள இடைவெளிகள் எந்தத் திசையை நோக்கியுள்ளன என்பதை ஆர்மின் மேல் வெள்ளைப் பெயின்டால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளிகள் ஒரு திசையில் நெகிழ்வும் மறு திசையில் விறைப்பும் தருவதற்காகவே வைக்கப்பட்டவை. திசை மாறினால் ஸ்டீயரிங் தன்மையே மாறிவிடும். வெளிக்குழாயின் விளிம்பு ஆர்மிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதையும் அளந்துவிடுங்கள். பிரஸ் இருந்தால் வெளிக்குழாய்க்குச் சரியாகப் பொருந்தும் குழாய்த் துண்டை வைத்து அழுத்த வேண்டும். விசை வெளிக்குழாயின் மேல்தான் விழ வேண்டும், ரப்பரின் மேலோ உள்குழாயின் மேலோ அல்ல. புதியதை இறக்கச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் பூசாதீர்கள்; பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கிவிடும்.

பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் உழைக்கும் என்று பலர் சொல்வார்கள். பந்தயக் காருக்கு அது ஏற்றதாக இருக்கலாம். எஞ்சின் சத்தமே இல்லாத வேனில் சாலையின் ஒவ்வொரு அதிர்வும் கிறீச்சொலியும் உள்ளே வந்து சேரும். நான் ரப்பரையே விரும்புகிறேன்.

நான் தவறிய இடம்

ஆர்மைப் பழையபடி பொருத்திய பின், வண்டி ஸ்டாண்டில் நிற்க, சக்கரம் கீழே தொங்க, முதல் முறை எல்லா போல்ட்டுகளையும், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரியாக முறுக்கினேன். அளவு சரி, நேரம் தவறு.

புஷ் என்பது பேரிங் அல்ல. போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் சப்ஃபிரேமோடு அசையாமல் பிணைந்துவிடும். வெளிக்குழாய் ஆர்மோடு சேர்ந்தது. ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது எதுவும் வழுக்கிச் சுழலுவதில்லை. இடையிலுள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு மீள்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால், அந்தத் தொங்கல்தான் ரப்பருக்கு இயல்பு நிலை ஆகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்குண்ட நிலையிலேயே நாள் முழுவதும் நிற்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் மேலும் முறுக்கும். ஐந்து மாதத்தில் முன் புஷ் கிழிந்ததன் காரணம் இதுதான். பழுதுபார்க்கும் பட்டறையில் நாற்பது ஆண்டு வேலை செய்த என் தாய்மாமா, கிழிந்த புஷ்ஷைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வண்டி தன் காலில் நின்ற பிறகு முறுக்கினாயா, தொங்கும்போதே முறுக்கிவிட்டாயா?” என்று கேட்டார். பிளவு ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடியிருந்ததைக் காட்டி, இது பழசானதால் கிழியவில்லை, முறுக்கியதால் கிழிந்தது என்றார்.

ஆகவே, ஆர்மின் உள்முனைப் போல்ட்டுகளைக் கையால் நுழைத்து, ஆர்ம் தாராளமாக ஆடும் அளவுக்கு மட்டும் முறுக்கி நிறுத்துங்கள். பால் ஜாயின்ட்டை மட்டும் இப்போதே முழு அளவுக்கு இறுக்கலாம். பிறகு பால் ஜாயின்ட்டுக்கு அருகில், ஆர்மின் வெளிமுனைக்கு அடியில், ஒரு மரத்துண்டை இடையில் வைத்து ஜாக்கியால் மெதுவாக உயர்த்துங்கள். சக்கர நடுப்புள்ளிக்கும் மட்கார்டு விளிம்புக்கும் இடையே முன்பு எழுதி வைத்த அளவு வந்ததும் நிறுத்தி, அந்த நிலையில் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். படுக்கையாக அமைந்த முன் புஷ்ஷுக்கு இது உயிர்நாடி. பின் புஷ் செங்குத்தாக நிற்கும் வகையானால் இந்த முறுக்கம் அதைக் குறைவாகவே தொடும்; ஆயினும் இரண்டையும் ஒரே நிலையில் முறுக்குவதே நல்ல பழக்கம்.

முறுக்கும் அளவை உங்கள் வண்டியின் கையேட்டிலிருந்தே எடுங்கள். வேறு வண்டிக்காரர் சொன்ன எண்ணை நம்ப வேண்டாம். ஒரு முறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய போல்ட், நட்டு எவை என்பதும் அதிலேயே இருக்கும். அவற்றைப் புதிதாக வாங்குங்கள். இம்பாக்ட் ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும்.

மறுபக்கத்தையும் இதே போல மாற்றிய பின் வீல் அலைன்மென்ட் செய்யாமல் நீண்ட தூரம் ஓட்டாதீர்கள். டயரின் உள்விளிம்பு தேய்ந்து போனால் அடுத்த ஃபிட்னெஸ் சோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் சக்கர நட்டுகளை மீண்டும் சோதியுங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த மூவர் ஒரே சிக்கலை எழுதியிருக்கிறார்கள்: ஆர்மை ஜாக்கியால் உயர்த்தினால், எழுதி வைத்த அளவு வருவதற்குள் வண்டியே ஸ்டாண்டை விட்டு எழுகிறது. அப்படி எழுந்தால் உடனே இறக்கிவிடுங்கள். அந்த நிலையில் அடியில் கை விடக் கூடாது. அதற்கு வேறு வழி உண்டு. சக்கரங்களை மாட்டி, இரண்டு முன்சக்கரங்களுக்கும் அடியில் அகலமான, கெட்டியான மரப்பலகைகளை ஒரே உயரத்துக்கு அடுக்கி, வண்டியை அவற்றின் மேல் இறக்குங்கள். முன்பக்கத்தை இருமுறை கையால் அழுத்தி விடுங்கள். சஸ்பென்ஷன் தன் இயல்பு உயரத்தில் அமரும். பின்சக்கர முட்டுக்கட்டைகள் இருந்த இடத்தில் இருக்க, பாதுகாப்புக்காக ஸ்டாண்டுகளையும் உரிய இடங்களில் தொடாமல் நிறுத்தி வைத்து, பக்கவாட்டிலிருந்து நீண்ட எக்ஸ்டென்ஷன் மாட்டி போல்ட்டுகளை முறுக்குங்கள். இப்போது நானும் இந்த முறையையே பின்பற்றுகிறேன்; இதற்கு அளவெடுக்கும் தேவையும் இல்லை.

இன்னொருவர், போல்ட் உள்குழாயோடு ஒட்டிக்கொண்டு ரப்பரையே சேர்த்துச் சுழற்றுகிறது, வெளியே வரவில்லை என்று கேட்டிருந்தார். அந்த புஷ் எப்படியும் போகப்போவதுதான். உள்குழாய்க்கும் சப்ஃபிரேமுக்கும் இடையிலுள்ள இடுக்கில் ரம்பத் தகட்டை விட்டுப் போல்ட்டை இரு பக்கமும் அறுத்துவிடலாம். போல்ட்டைத் தாங்கும் சப்ஃபிரேமின் காது போன்ற தகட்டைத் தொடாமல் பொறுமையாக அறுக்க வேண்டும். எனக்கு வலப்பக்கத்தில் இதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. நெருப்பு வைத்து இளக்கலாமா என்றும் அவர் கேட்டிருந்தார். பேட்டரிக்கும் ஆரஞ்சுக் கேபிளுக்கும் இவ்வளவு அருகில் நெருப்பைக் கொண்டுபோகவே வேண்டாம்.