பழைய கம்ப்யூட்டரில் டிவிடி எழுதினால் ஆமை வேகமா, பாதியில் எரரா? இந்த வரிசையில் பாருங்கள்

ரைட்டரின் முகப்பில் 16எக்ஸ் என்று போட்டிருக்கும், வாங்கி வந்த பிளாங்க் டிவிடியின் மேலும் 16எக்ஸ் என்றுதான் இருக்கும், ஆனால் எழுதப் போட்டால் முக்கால் மணி நேரம் உருட்டிவிட்டு கடைசியில் 'ரைட் எரர்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். உடனே நாம் செய்வது என்ன? அடுத்த டிஸ்கைப் போட்டு மறுபடி முயல்வது. வயலில் குருவி விரட்டக் கட்டித் தொங்கவிட டிஸ்க் வேண்டுமானால் தாராளமாக அப்படிச் செய்யலாம். இல்லையென்றால் கொஞ்சம் நிறுத்தி, தரவு எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. ஹார்ட் டிஸ்க், கேபிள், ரைட்டர், டிஸ்க் என்று வழியில் நாலே இடம்தான்.

விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிற, அகலமான ரிப்பன் கேபிளில் டிவிடி ரைட்டர் மாட்டிய அந்தக் காலத்து அசெம்பிள்டு பிசியை வைத்துத்தான் சொல்லப் போகிறேன். விண்டோஸ் 7 இருந்தாலும் பெரும்பாலும் பொருந்தும்.

உண்மையிலேயே மெதுவா?

சிடிக்கு 1எக்ஸ் என்றால் நொடிக்கு 150 கேபி. டிவிடிக்கு 1எக்ஸ் என்றால் நொடிக்கு சுமார் 1.38 எம்பி. அதனால் 4.7 ஜிபி டிவிடி முழுதாக நிரம்ப 1எக்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், 4எக்ஸில் 14 நிமிடமும், 8எக்ஸில் ஏழெட்டு நிமிடமும் ஆகும், அதன் மேல் தொடங்கவும் மூடவும் ஓரிரு நிமிடம். 16எக்ஸ் என்பது டிஸ்க் முழுக்கக் கிடைக்கும் வேகம் அல்ல. உள்வட்டத்தில் ஆறு ஏழு எக்ஸில்தான் தொடங்கும், வெளி விளிம்பை நெருங்கும்போதுதான் 16ஐத் தொடும். ஆக, ஆரம்பத்தில் 6எக்ஸ் என்று காட்டினால் பதற வேண்டாம். கடைசி வரை 2எக்ஸிலேயே நின்றால்தான் கோளாறு.

இரண்டு பட்டைகளைக் கவனியுங்கள்

இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். 2013இல் வந்த 2.5.8.0 பதிப்பு எக்ஸ்பியிலும் நன்றாக ஓடும். நிறுவும்போது கூடவே வேறு எதையாவது ஏற்றப் பார்க்கும், 'நெக்ஸ்ட் நெக்ஸ்ட்' என்று தட்டாமல் படித்துப் பார்த்து டிக்கை எடுத்துவிடுங்கள். நான் இதைச் சொல்வதற்குக் காரணம், எழுதும்போது திரையின் கீழே இது காட்டும் இரண்டு பட்டைகள்: ஒன்று 'பஃபர்', இன்னொன்று 'டிவைஸ் பஃபர்'. முதலாவது கம்ப்யூட்டரின் ரேமில் காத்திருக்கும் தரவு, இரண்டாவது ரைட்டருக்குள் இருக்கும் சின்ன நினைவகம்.

எழுத விட்டுவிட்டு ஐந்து நிமிடம் அந்தப் பட்டைகளையே பாருங்கள். மேலே உள்ள பஃபர் சரிந்து சரிந்து காலியானால் ஹார்ட் டிஸ்க்கால் தரவை வேகமாக எடுத்துத் தர முடியவில்லை. பஃபர் நூறு சதவீதத்தில் அசையாமல் நிற்க, டிவைஸ் பஃபர் மட்டும் ஏறி இறங்கினால் கேபிள் வழியில் நெரிசல். இரண்டுமே நிறைந்திருந்தும் வேகம் ஏறவில்லையா, ரைட்டர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, டிஸ்க் அதற்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

சோதனைக்குப் புது டிஸ்கை வீணாக்க வேண்டாம், ஒரு ஆர்டபிள்யூ டிஸ்க் வைத்துக்கொண்டால் அழித்து அழித்து எழுதலாம், ஆனால் அதன் வேகம் குறைவு என்பதால் நெரிசல் சில சமயம் வெளியே தெரியாது. இன்னொரு வழி, இம்க்பர்னில் உள்ள 'டெஸ்ட் மோட்'. லேசரை முழு சக்தியில் எரிக்காமல் எல்லாவற்றையும் ஒத்திகை பார்க்கும். அட்டையில் 'டிவிடி-ஆர்' என்று போட்ட மைனஸ் ஆர் வகை டிஸ்க்கில்தான் இது நடக்கும், 'டிவிடி+ஆர்' என்று போட்ட பிளஸ் ஆரில் அந்த வசதியே கிடையாது.

கேபிள் வழியில் நெரிசல்: டிஎம்ஏவா பிஐஓவா

எக்ஸ்பி கம்ப்யூட்டர்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சாதாரணமாக டிஎம்ஏ முறையில், ரைட்டருக்குப் போகும் தரவு பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நேராக ரேமிலிருந்து போகும். பிஐஓ முறையில் பிராசஸரே ஒவ்வொரு துண்டாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். பிஐஓவின் உச்சமான 4ஆவது நிலையிலேயே கணக்குப்படி நொடிக்கு 16.6 எம்பிதான். 16எக்ஸ் டிவிடிக்கு 22 எம்பி வேண்டும். நடைமுறையில் அந்த 16.6 கூட வராது.

சரி, நாம் எதையும் தொடவில்லையே, பிஐஓவுக்கு யார் மாற்றியது? விண்டோஸே மாற்றியது. ஒரு டிரைவுடன் பேசும்போது டைம்அவுட் (பதில் வரத் தாமதம்), சிஆர்சி (வழியில் தரவு சிதைவது) என்று பிழைகள் மொத்தம் ஆறு சேர்ந்தால் எக்ஸ்பி அதன் வேகத்தை ஒரு படி இறக்கும், இப்படியே இறக்கி இறக்கிக் கடைசியில் பிஐஓவில் கொண்டுவந்து விட்டுவிடும். அப்புறம் தானாக மேலே ஏற்றாது. கீறல் விழுந்த ஒரு படச் சிடியைப் போட்டு அது திக்கித் திக்கிப் படித்திருந்தால் அதுவே போதும்.

உறுதி செய்துகொள்ள ஒரு சுருக்கு வழி: எழுதிக்கொண்டிருக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், வியூ மெனுவில் 'ஷோ கெர்னல் டைம்ஸ்' என்பதைத் தட்டுங்கள். பச்சைக் கோட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு சிவப்புக் கோடும் உயரத்தில் ஓடினால், மவுஸ் அம்புக்குறியும் விட்டு விட்டு நகர்ந்தால், பெரும்பாலும் பிஐஓதான்.

சரிசெய்வது இப்படி. மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து மேனேஜ், அதில் டிவைஸ் மேனேஜர். 'ஐடிஇ ஏடிஏ/ஏடிஏபிஐ கண்ட்ரோலர்ஸ்' என்பதை விரித்தால் பிரைமரி, செகண்டரி என்று இரண்டு சேனல் தெரியும், ரைட்டர் வழக்கமாக செகண்டரியில் இருக்கும். அதை டபுள் கிளிக் செய்து 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். 'கரண்ட் டிரான்ஸ்ஃபர் மோட்' என்ற இடத்தில் 'அல்ட்ரா டிஎம்ஏ' என்று இருந்தால் இங்கே பிரச்சினை இல்லை, அடுத்ததற்குப் போகலாம். 'பிஐஓ மோட்' என்று இருந்தால், மேலே 'டிஎம்ஏ இஃப் அவெய்லபிள்' தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் பிஐஓ என்றே காட்டினால், அந்த சேனலை ரைட் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பேரைக் கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் ஒன்றும் அழியாது, திரும்ப வரும்போது விண்டோஸ் சேனலைப் புதிதாகக் கண்டுபிடித்து, பழைய பிழைக் கணக்கை மறந்துவிட்டு டிஎம்ஏவில் தொடங்கும். சில கம்ப்யூட்டர்கள் இன்னொரு ரீஸ்டார்ட் கேட்கும். விண்டோஸ் 7இல் இதே இடத்தில் 'எனேபிள் டிஎம்ஏ' என்று ஒரு டிக் பெட்டி இருக்கும்.

சில நாளில் மறுபடி பிஐஓவுக்கே போய்விட்டால் கேபிளைப் பாருங்கள். பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு பெட்டியைத் திறந்து, கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி அழுத்தி மாட்டுங்கள். மடிப்பு விழுந்து வெளுத்திருந்தால் 80 கம்பி உள்ள புதுக் கேபிள் போடுங்கள். அதில் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு (கேபிளின் முதல் டிரைவ்), நடுவில் உள்ள சாம்பல் முனை ஸ்லேவுக்கு (இரண்டாவது டிரைவ்). ஹார்ட் டிஸ்க்கும் ரைட்டரும் ஒரே கேபிளில் தொங்கினால் பிரித்து வேறு வேறு சேனலில் மாட்டுங்கள், ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும்.

வெளியே மாட்டும் யுஎஸ்பி ரைட்டர் என்றால் 'இந்தச் சாதனம் இன்னும் வேகமாக இயங்கும்' என்று எக்ஸ்பி ஓரத்தில் பலூன் காட்டுகிறதா பாருங்கள். காட்டினால் யுஎஸ்பி 1.1 துளையில் மாட்டியிருக்கிறீர்கள், அதில் நொடிக்கு ஒரு எம்பி வருவதே பெரிய விஷயம். முன்பக்கத் துளையை விட்டுவிட்டு மதர்போர்டிலேயே உள்ள பின்பக்கத் துளையில் மாட்டுங்கள்.

ஹார்ட் டிஸ்க் திணறினால்

ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன போட்டோக்களை நேரடியாக எழுதுவதைவிட, இம்க்பர்னிலேயே முதலில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக (டிஸ்க்கின் முழு நகல்) மாற்றி அதை எழுதினால் ஹார்ட் டிஸ்க் அங்கும் இங்கும் ஓட வேண்டியதில்லை. கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் உட்காராது, என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் வையுங்கள். எழுதும்போது டோரண்ட், வைரஸ் ஸ்கேன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள், அவ்வளவுதான்.

டிஸ்க்கும் லேசரும்

'பவர் கேலிப்ரேஷன் எரர்' என்று வந்தால் அது விண்டோஸ் கோளாறே இல்லை. எழுதத் தொடங்கும் முன் டிஸ்க்கின் உள்வட்டத்தில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் லேசரைக் கூட்டிக் குறைத்து எரித்து, இந்த டிஸ்க்குக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று ரைட்டர் அளந்து பார்க்கும். அந்த அளவு பிடிபடவில்லை என்பதுதான் இந்த எரர். வேறு கம்பெனி டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அட்டையில் உள்ள பெயரை நம்ப வேண்டாம், ஒரே பெயரில் வேறு வேறு தொழிற்சாலைச் சரக்கு வரும். டிஸ்கைப் போட்டதும் இம்க்பர்னின் வலப்பக்கம் 'டிஸ்க் ஐடி' காட்டும். எம்சிசி என்று தொடங்கினால் மிட்சுபிஷி, டிஒய்ஜி என்றால் ஜப்பானின் தையோ யூதென். இவை இரண்டும் அந்தக் காலத்தில் நம்பிக்கையான சரக்கு.

எல்லாம் நன்றாகப் போய் 95 சதவீதத்துக்கு மேல் விழுகிறதா? மலிவு டிஸ்க்குகளில் வெளி விளிம்பு மோசமாக இருக்கும். 4 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வேகத்தையும் 8எக்ஸில் வையுங்கள். மிகவும் குறைத்து 1எக்ஸ், 2எக்ஸில் எழுதினால் நன்றாகப் பதியும் என்பது பழைய சிடி காலத்து நம்பிக்கை, 16எக்ஸ் டிஸ்க்குக்கு அது உதவாது.

சிடி ஒழுங்காக எழுதுகிறது, டிவிடி மட்டும் தோற்கிறது என்றால் குழம்ப வேண்டாம். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் என்று உள்ளே இரண்டு லேசர்கள், ஒன்று ஓய்ந்தாலும் மற்றது ஓடும். லென்ஸைச் சுத்தம் செய்யும் டிஸ்க் ஒன்றை ஓட்டிப் பாருங்கள், ரைட்டர் கம்பெனி தளத்தில் புது ஃபர்ம்வேர் (ரைட்டருக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) இருந்தால் ஏற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அந்த ரைட்டரைப் படிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, யுஎஸ்பி 2.0 துளையில் மாட்டும் வெளி ரைட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். எக்ஸ்பி அதைத் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும், டிரைவர் தேட வேண்டியதில்லை. இரண்டு யுஎஸ்பி முனை உள்ள கேபிள் வந்தால் இரண்டையும் மாட்டுங்கள், ஒரு துளை தரும் 500 மில்லிஆம்பியர் எழுதும் நேரத்தில் அதற்குப் போதாது.