கோளாக மாறும் ரோபோ: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காராக மாறும் ரோபோ பொம்மை ஒன்றைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மடிந்த கைகள், பாதி தெரியும் முகம், திருகு துளைகள், எல்லாம் அங்கே ஒளிந்திருக்கும். காரின் அடிப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது வடிவமைப்பவருக்குப் பெரிய சலுகை. கோளாக, அதாவது உருண்டையாக மாறும் ரோபோவுக்கு அந்தச் சலுகை இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதுதான் முகப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது.

எவ்வளவு கடினம் என்பதற்கு யூனிக்ரான் ஒன்றே போதும். ரோபோவாக மாறும், மற்ற கோள்களை விழுங்கும் இந்தக் கோள், உருமாறும் ரோபோக்களின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையில் 1986-இல் வந்தது. அந்தக் காலத்திலேயே மாதிரிகள் செய்து பார்த்தார்கள், கடைக்கு வரவில்லை. முதல் பொம்மை விற்பனைக்கு வந்தது 2003-இல். 2019-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 27 அங்குல உயரத்தில் ஒரு யூனிக்ரானை அறிவித்தது. விலை சுமார் 575 டாலர், 8,000 பேர் முன்பதிவு செய்தால்தான் தயாரிப்போம் என்றார்கள். ஆட்கள் சேர்ந்தார்கள், பொம்மையும் வந்தது.

நான் வீட்டில் 3டி பிரிண்டர் வைத்துக்கொண்டு இந்த வகைப் பொம்மைகளைச் செய்து பார்க்கிறவன். இதுவரை ஐந்து உருண்டைகள் செய்திருக்கிறேன். அவற்றில் சரியாக மூடுபவை இரண்டு. மற்ற மூன்றில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, ரோபோவை முதலில் வரைவது. கம்பீரமாக ஒரு ரோபோவை வரைந்துவிட்டு, அதன்மேல் ஓடு போர்த்தி உருண்டையாக்கிவிடலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். உருண்டை மூடிவிடும். திறந்ததும்தான் சிக்கல் தெரியும்: அத்தனை ஓடுகளும் போக இடமில்லாமல் முதுகில் போய்த் தொங்கும். என் முதல் ரோபோ மூட்டை சுமக்கிற ஆள் மாதிரி பின்பக்கமாகச் சாய்ந்தது, கையை எடுத்ததும் விழுந்தது.

ஓட்டை ஒளித்து வைக்கப் பார்க்காதீர்கள், அதற்கு வேலை கொடுங்கள். ஒரு துண்டு தோள்பட்டை ஆகட்டும், இன்னொன்று பாதம், இன்னொன்று கேடயம். வேலை இல்லாத துண்டு என்று ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதற்கு நான் பார்த்த மிக அழகான உதாரணம் நிலாவில் கிடக்கிறது. சோரா-க்யூ என்ற குட்டி ரோபோவை ஜப்பானின் பொம்மை நிறுவனமான டகாரா டோமி, அந்நாட்டு விண்வெளி நிறுவனமான ஜாக்ஸா, சோனி, தோஷிஷா பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து செய்தன. விட்டம் சுமார் 8 செ.மீ., எடை சுமார் 250 கிராம். 2024 ஜனவரியில் ஸ்லிம் விண்கலத்தோடு போய் நிலாவில் இறங்கியது. உருண்டை இரண்டாகப் பிளந்ததும் நடுவிலிருந்து கேமரா எழுந்து நிற்கும், பின்னால் வால் ஒன்று நீண்டு தாங்கும், இரண்டு அரைக்கோளங்களும் சக்கரங்கள் ஆகிவிடும். ஓடுதான் சக்கரம். தூக்கிச் சுமக்க வேண்டிய துண்டு என்று எதுவும் மிச்சமில்லை. தலைகீழாக நின்றுவிட்ட ஸ்லிம் கலத்தைப் படம் பிடித்துக் காட்டியது இந்தக் குட்டிதான். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

அடுத்தது, ஓட்டின் தடிமனைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. 12 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக்கு 3 மி.மீ. ஓடு போட்டால், மொத்தக் கொள்ளளவில் சுமார் 14 சதவீதம் ஓட்டுக்கே போய்விடும். அதோடு முடிவதில்லை. ஓட்டின் உட்பக்கம் கீல் வேண்டும், பூட்டு வேண்டும், வளையாமல் இருக்க முட்டுப் பட்டை வேண்டும். இவற்றையும் சேர்த்து 8 மி.மீ. என்று வைத்தால் 35 சதவீதம் காலி. கைகால்களுக்கு மிஞ்சுவது மூன்றில் இரண்டு பங்குதான். சரி, சிறியதாகச் செய்தால் எளிதாக இருக்குமே என்று நினைக்க வேண்டாம். 6 செ.மீ. உருண்டையில் அதே 3 மி.மீ. ஓடு 27 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். பிரிண்டருக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒரு குறைந்தபட்சத் தடிமன் உண்டு, உருண்டை சுருங்குகிறதே என்று அது சுருங்காது.

பெரிதாக்கினால் வேறு வம்பு. அளவை இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்கு ஆகும். கையும் இரண்டு மடங்கு நீளம் என்பதால், கையை நீட்டும்போது தோள் மூட்டில் விழும் முறுக்குவிசை பதினாறு மடங்கு ஆகும். சின்ன மாதிரியில் உராய்வு ஒன்றினாலேயே நின்ற கை, பெரியதில் மெல்ல இறங்கிவிடும். ஓடும் கையோடு ஒட்டியிருக்கும் அல்லவா, அந்தப் பாரமும் அதன்மேல்தான். தோளுக்கும் இடுப்புக்கும் தொடக்கத்திலேயே 'கடக் கடக்' என்று நிற்கும் ராட்செட் மூட்டு வைத்துவிடுங்கள். பிறகு சேர்க்க உள்ளே இடம் இருக்காது.

இப்போது உருண்டையை எப்படி வெட்டுவது என்பதற்கு வருகிறேன். என் கணிப்பில் பாதித் தோல்விகள் இங்கேதான் நடக்கின்றன. பார்த்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது ஆரஞ்சுச் சுளை. எட்டுச் சுளையாக வெட்டினால் எட்டும் ஒரே மாதிரி இருக்கும், வரையவும் எளிது. ஆனால் மேலும் கீழும் எட்டு முனைகள் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். முனை ஒவ்வொன்றும் ஊசி மாதிரி மெலிந்திருக்கும், ஒன்று அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றால் மற்ற ஏழும் மூடாது. இரண்டாம் உருண்டையில் எனக்கு முதல் நாளே மூன்று முனைகள் ஒடிந்தன. சுளைதான் வேண்டும் என்றால் இரண்டு துருவங்களிலும் சுமார் 25 மி.மீ. வட்டத் தொப்பி வைத்து முனைகளை அதற்குள் முடித்துவிடுங்கள். எனக்குப் பிடித்தது வேறு வழி: ஒரு கனசதுரத்தை ஊதிப் பெருக்கி உருண்டையாக்கியதாக நினைத்து ஆறு துண்டுகளாக வெட்டுவது. எந்த மூலையிலும் மூன்று துண்டுகள் மட்டுமே சந்திக்கும். தெர்மாகோல் பந்து வாங்கி, மார்க்கரால் கோடு போட்டு, பிளேடால் வெட்டிப் பாருங்கள். கணினியில் ஒரு வாரம் உட்கார்ந்து தெரிந்துகொள்வதை அரை மணி நேரத்தில் கை சொல்லிவிடும்.

வெட்டிய பிறகு கீல். கீலின் கம்பி நேரானது, உருண்டையின் விளிம்பு வளைந்தது. இதை எல்லோரும் அறிவோம், வரையும்போது மறந்துவிடுகிறோம். 12 செ.மீ. உருண்டையில் 40 மி.மீ. கம்பியின் இரு முனைகளும் மேற்பரப்பைத் தொட்டால், அதன் நடுப்பகுதி 3.4 மி.மீ. ஆழத்தில் இருக்கும். ஓடே 3 மி.மீ. தான், ஆக கம்பி ஓட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டது. 20 மி.மீ. கம்பி என்றால் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால் கீல் குட்டையாக இருக்கட்டும். இன்னொன்று, கம்பி ஓட்டுக்குள் புதைந்திருப்பதால் தகடு, அதாவது வெட்டிய ஓட்டுத் துண்டு, வெளிப்பக்கம் திரும்பும்போது அதன் மேல் விளிம்பு பக்கத்துத் தகட்டை முட்டும். விளிம்பை உருட்டிவிடலாம், அல்லது இரண்டு கம்பி போட்ட இரட்டைக் கீல் வைத்து, தகடு முதலில் வெளியே நகர்ந்து அப்புறம் திரும்பும்படி செய்யலாம். இரட்டைக் கீலுக்கு இடம் அதிகம் வேண்டும்தான், ஆனாலும் நான் அதையே வைக்கிறேன்.

இடைவெளி விட பயப்படுவதும் தவறு. திரையில் தகடுகள் ஒன்றோடொன்று உரசி நின்றால் அழகாகத் தெரியும், அச்சிட்டு எடுத்தால் மூடவே மூடாது. தகட்டுக்குத் தகடு 0.3 மி.மீ. விடுங்கள். ஆனால் எட்டுச் சுளைத் தகடுகளும் ஒரே பக்கம் ஒதுங்கினால் கடைசி இடுக்கில் 2.4 மி.மீ. வெளிச்சம் தெரியும். இதற்கு விடையை அழுங்கிடம் பார்க்கலாம். எறும்புதின்னி என்று சொல்கிறோமே, அதுதான். அது சுருண்டு பந்தாகும்போது செதில்கள் விளிம்போடு விளிம்பு சேர்வதில்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. தகட்டின் ஓரத்தில் 2 மி.மீ. படி வைத்து அடுத்த தகட்டை அதன்மேல் உட்கார வையுங்கள். இடைவெளி இருக்கும், வெளிச்சம் கசியாது.

மேற்பரப்பு விஷயத்தில் கோளுக்குக் கோள் வித்தியாசம் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோக்களின் சொந்தக் கோளான சைபர்ட்ரான் மாதிரி இயந்திரக் கோள் என்றால் மேலெங்கும் பள்ளமும் கோடும்தான், உங்கள் வெட்டுக்கோடுகள் அவற்றில் கரைந்துவிடும். பூமியைச் செய்கிறேன் என்று கிளம்பினால் நீலக் கடல் நடுவே ஒரு கோடு ஓடும், கண் நேரே அங்கேதான் போகும். முடிந்தவரை வெட்டைக் கடற்கரையோரமாக வளைத்துக் கொண்டுபோங்கள். வண்ணத்தைத் தனித்தனித் துண்டுகளில் அடிக்காமல், உருண்டையை மூடிவைத்து அடியுங்கள்.

உருள வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். கோள் உருள வேண்டியதில்லை, அதற்கு ஒரு தாங்கி போதும். அந்த 27 அங்குல யூனிக்ரானுக்கும் தாங்கி உண்டு. உருள வேண்டும் என்றால் பாக்குகான் என்ற பந்துப் பொம்மைகளின் வழி. உருட்டிவிட்ட பந்து, இரும்புத் தகடு வைத்த அட்டையின்மேல் போனதும் காந்தம் பூட்டை இழுக்க, ஸ்பிரிங் விரிக்க, பட்டென்று திறக்கும். பாதி வேலை பொம்மையுடையது, திரும்ப மூடுவது மட்டும் குழந்தையின் வேலை. இந்த வகையைச் செய்பவர்கள் ஸ்பிரிங்கை வலுவாக வைத்துவிட்டு, பந்து வழியிலேயே திறந்துகொள்கிறதே என்று தவிப்பார்கள். எடை கூடிய பக்கம்தான் கடைசியில் கீழே வந்து நிற்கும், எனவே காந்தத்தையும் அந்தப் பக்கமே வையுங்கள்.

கடைசியாக, விரல். உருண்டை முழுதாக மூடிய பிறகு திறப்பதற்குப் பிடி எங்கே? என் நான்காவது உருண்டை இடுக்கே தெரியாமல் மூடியது, எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அக்கா பையன் கையில் கொடுத்தேன். பத்து நிமிடம் சுற்றிச் சுற்றித் திருப்பிவிட்டு, 'மாமா, இது பந்துதானே?' என்று கேட்டான். ஐந்தாவதில் தென்துருவத் தொப்பியின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் வைத்தேன். எல்லாத் தகடுகளையும் பிடித்து நிறுத்துவது அந்தத் தொப்பிதான், அதை நெம்பினால் மற்றவை வரிசையாக விரியும். அவன் கட்டைவிரல் நகத்தை வைத்து நெம்பினான், முதலில் வெளியே வந்தது ஒரு கால்.