பனிமலைச் சரிவைப் போனிலேயே அளந்து பாருங்கள்

வேலூரிலிருந்து குளிர்காலத்தில் மணாலி, குல்மார்க் பக்கம் மலையேறப் போகிறீர்களா? பனிச்சரிவு, அதாவது மலையில் சேர்ந்த பனி மொத்தமாகப் பெயர்ந்து கீழே பாய்வது, எங்கே கிளம்பும் என்பது பெரும்பாலும் மலைச்சரிவின் கோணத்தைப் பொறுத்தது. அதனால் சரிவில் கால் வைக்கும் முன் அதன் கோணத்தைப் பார்த்துவிடுங்கள். கருவி வாங்க வேண்டாம், போனில் இருக்கும் ரசமட்டச் செயலியே போதும். சரிவு பக்கவாட்டில் தெரியும்படி தள்ளி நின்று, போனின் நீள விளிம்பை மலையின் ஓரக்கோட்டோடு சேர்த்துப் பிடித்தால் டிகிரி தெரியும். நேர் எதிரே நின்று பார்த்தால் அளவு தப்பும். கிளம்பும் முன் பாலமதி மலையைப் பார்த்து நாலு தடவை பழகிக்கொள்ளுங்கள்.

ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிக்குள்தான் கிளம்புகின்றன. அதைவிடச் சாய்வு குறைந்தால் பனி எளிதில் நழுவாது. மிகச் செங்குத்தாக இருந்தால் சேரச் சேர உதிர்ந்துவிடும். காற்று வேறு பனியை வாரிக்கொண்டுபோய் மறுபக்கச் சரிவில் குவிக்கும். காய்ந்து கிடக்கும் பாலாற்றில் காற்று அடித்தால் புதருக்குப் பின்னால் மணல் சேருமே, அப்படித்தான். அப்படிச் சேர்ந்த பனி பலகைபோல இறுகி, மிதித்தால் தம்மென்று அதிரும். நடக்கும்போது காலடியிலிருந்து விரிசல் ஓடினால் உடனே திரும்பிவிடுங்கள். புதுப்பனி விழுந்த முதல் இரண்டு நாள்தான் ரொம்ப ஆபத்து.

ஆனால் நீங்கள் நடக்கும் பாதை 20 டிகிரிதான் என்றாலும் தலைக்கு மேலே செங்குத்துச் சரிவு இருந்தால் இந்தக் கணக்கு உதவாது, அங்கிருந்து பனி கீழே வரும். வெயிலில் ஊறிய ஈரப்பனிக்கும் இதை மட்டும் நம்பாதீர்கள். சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகமான டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். அப்புறம், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள்.