ஒரு லட்சம் மடங்கு பெரிய பாக்டீரியா: சார்ட் தாளில் வரைந்து ஆன்டிபயாடிக்குகளைப் புரிந்துகொள்ளும் முறை

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமும், இப்பால் பொள்ளாச்சிப் பக்கமும் தமிழ்வழியில் உயிரியல் படிக்கத் தொடங்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆன்டிபயாடிக்குகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, பாக்டீரியாவை அளவு பிசகாமல் வரைந்து, ஒவ்வொரு மருந்தையும் அது தாக்கும் இடத்திலேயே எழுதிவிடுவது எளிது. ஒரு முழு சார்ட் தாள், கருப்பு, சிவப்பு, நீலப் பென்சில்கள், ஒரு தையல் நூல்கண்டு ஆகியவை போதும்.

படி 1: அளவும் நிறமும்

ஒரு மைக்ரோமீட்டரைத் தாளில் 10 செ.மீ. என்று கொள்ளுங்கள், இது ஒரு லட்சம் மடங்கு. இடப்பக்கம் 10 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் வரைந்தால், அது சீழ்க்கட்டிகளில் அடிக்கடி காணப்படும் ஸ்டஃபைலோகாக்கஸ். வலப்பக்கம் 20 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமும் கொண்டு முனைகள் உருண்டிருக்கும் வடிவம், குடலில் வாழும் ஈ. கோலை. இதே அளவில் நம் உடலின் செல் ஒன்றை வரைய ஒரு மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். நம் செல்லில் அறவே இல்லாத உறுப்புகளுக்குச் சிவப்பு. நம்மிடமும் உண்டு, ஆனால் அமைப்பு வேறு என்பவற்றுக்கு நீலம். ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பவற்றுக்குக் கருப்பு. நீங்கள் வரைந்த இரண்டு எல்லைக்கோடுகளும் செல் சவ்வு; அவை கருப்பாகவே இருக்கட்டும்.

படி 2: செல் சுவர்

இடப்பக்க வட்டத்தைச் சுற்றி 3 மி.மீ. தடிப்பில் சிவப்புப் பட்டை தீட்டுங்கள். வலப்பக்கம் கூரிய பென்சிலால் ஒற்றைச் சிவப்புக் கோடு போதும். இது பெப்டிடோகிளைக்கான் என்னும் சுவர். கயிற்றுக் கட்டிலின் பின்னலைப் போல, நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளைச் சிறு பெப்டைடுகள் குறுக்கே இழுத்துக் கட்டியிருப்பதால்தான், உள்ளிருக்கும் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு செல் வெடிக்காமல் நிற்கிறது. வளரும் பாக்டீரியா பழைய பின்னலை அறுத்துப் புதிய இழைகளைச் சேர்த்தபடி இருக்கும். அந்தக் குறுக்குக் கட்டைப் போடும் நொதியில் பென்சிலின், அமாக்சிசிலின், செஃபிக்சிம் ஆகியவை ஒட்டிக்கொள்வதால், அறுப்பது நடக்கிறது, கட்டுவது நின்றுபோகிறது. 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டறிந்த சாயமுறையில் இடப்பக்கச் செல் ஊதாவாகவும், வலப்பக்கச் செல் இளஞ்சிவப்பாகவும் தெரிவது இந்தச் சுவர் வேறுபாட்டால்தான்.

படி 3: வெளிச்சவ்வு

இது ஈ. கோலைக்கு மட்டும். சுவருக்கு வெளியே சிறிது இடைவெளி விட்டு இன்னொரு சிவப்புக் கோடு வரைந்து, ஆங்காங்கே துளைகள் வையுங்கள். அமாக்சிசிலின் இத்துளைகள் வழியே நுழையும். வான்கோமைசின் மூலக்கூறு பெரியது, நுழையாது, ஆகையால் அந்தப் பெயரை இடப்பக்கச் சுவரில் மட்டும் எழுதுங்கள். பல ஈ. கோலை வகைகள் அமாக்சிசிலினைச் சிதைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியை வெளிச்சவ்வுக்கு உட்புறமுள்ள இடைவெளியில்தான் வைத்திருக்கின்றன; மாத்திரை அட்டைகளில் அமாக்சிசிலினோடு சேர்த்து அச்சிடப்பட்டிருக்கும் கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியை முடக்குவதற்கானது. வெளிச்சவ்வையே குலைக்கும் மருந்து கோலிஸ்டின். மற்ற மருந்துகள் பலிக்காதபோது மருத்துவமனைகள் கடைசியாகக் கையில் எடுக்கும் இம்மருந்தை உணவுக்கான கால்நடை, கோழி வளர்ப்பில் பயன்படுத்த இந்திய அரசு 2019-இல் தடை விதித்தது. இத்தனை கோழிப்பண்ணைகள் உள்ள நம் வட்டாரத்தில் அந்தத் தடையை அனைவரும் அறிந்திருப்பது நல்லது.

படி 4: ரைபோசோம்

புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களை 2 மி.மீ. நீலப் புள்ளிகளாக உள்ளே நிரப்புங்கள். உண்மையில் பல்லாயிரம் உண்டு. ஐம்பது புள்ளிகள் போதும். நம்முடையது 80எஸ் (எஸ் என்பது வேகமாகச் சுழற்றும்போது துகள் எவ்வளவு விரைவாகப் படிகிறது என்பதைக் காட்டும் அலகு; ஆகையால் துண்டுகளின் எண்களை நேரடியாகக் கூட்ட முடியாது); பாக்டீரியாவினுடையது 30எஸ், 50எஸ் என்ற இரு துண்டுகள் சேர்ந்த 70எஸ். டாக்சிசைக்ளின், ஜென்டாமைசின் ஆகியவற்றை 30எஸ் துண்டிலும், அசித்ரோமைசினை 50எஸ் துண்டிலும் எழுதுங்கள். 30எஸ் துண்டின் அணு அமைப்பையும் அதில் மருந்துகள் அமரும் இடங்களையும் துலக்கியவர்களில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் ஒருவர். ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மழைக்காலத்தில் சேற்றில் இறங்குவோருக்கு எலிப்பனி (எலிக்காய்ச்சல்) வராமல் தடுக்கக் கேரளச் சுகாதாரத் துறையினர் வாரம் ஒருமுறை கொடுக்கும் 200 மி.கி. மாத்திரையும் இதே டாக்சிசைக்ளின்தான்.

படி 5: டி.என்.ஏ.

ஈ. கோலையின் டி.என்.ஏ. உண்மையில் சுமார் 1.6 மி.மீ. நீளம். நம் அளவில் அது 160 மீட்டர் நூல்! அதில் இயன்ற அளவை 20 செ.மீ. படத்துக்குள் சுருட்டி ஒட்டிப் பாருங்கள். சிக்கல் உடனே விளங்கும். நூலை வெட்டி, முறுக்கைச் சரிசெய்து, மீண்டும் ஒட்டும் வேலையை ஜைரேஸ் என்னும் நொதி செய்கிறது. வெட்டியபின் ஒட்டவிடாமல் சிப்ரோஃப்ளாக்சசின் அதைப் பிடித்து நிறுத்துகிறது. நமக்கும் இதற்கு உறவான நொதிகள் உண்டு, ஆகையால் நீலத்தில் எழுதுங்கள்.

படி 6: சரிபார்த்தல்

தாளின் மூலையில் 1 செ.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்றை வரையுங்கள். இதே அளவில் இன்ஃப்ளுயன்சா வைரஸ் அவ்வளவுதான். அதற்குப் பெப்டிடோகிளைக்கான் சுவர் இல்லை, ரைபோசோம் இல்லை, ஜைரேஸும் இல்லை. இதுவரை எழுதிய மருந்துகளில் எதை அந்த வட்டத்தில் எழுத முடியும் என்று தேடிப் பாருங்கள்.