ஆல்பர்ட்டாவில் வீடு வாங்குமுன் போட வேண்டிய எண்ணெய்க் கணக்கு

"அண்ணா, கால்கரியில வீடு பார்த்துட்டோம். வெள்ளிக்கிழமை கையெழுத்து. நீ என்ன சொல்ற?"

சித்தப்பா மகன் போனில் இப்படிக் கேட்டதும் நான் திருப்பிக் கேட்டது, "டிஃபரன்ஷியல் இன்னைக்கு எவ்வளவுடா?"

"எந்த டிஃபரன்ஷியல்ணா, காரோடதா?"

அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 2014 ஜூனில் எட்மன்டனில் நான் வீடு வாங்கியபோது எனக்கும் அது வண்டிக்கு அடியில் இருக்கிற சாமான்தான். அப்போது எண்ணெய் பேரல் 100 டாலருக்கு மேல். ஃபோர்ட் மெக்மரிக்கு வடக்கே எண்ணெய் ஊறிய மணலைத் தோண்டிப் பிரிக்கும் ஓர் எண்ணெய் மணல் ஆலையில் இன்ஸ்ட்ரூமென்ட் டெக்னீஷியன் வேலை. பதினாலு நாள் கேம்ப், ஏழு நாள் வீடு. ஓவர்டைமையும் சம்பளம் என்றே நினைத்து, வங்கி எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவையும் கடனாக வாங்கினேன். போதாக்குறைக்கு ஒரு பிக்கப் டிரக். 2015 ஜனவரியில் பேரல் 50 டாலருக்குக் கீழே போனது. மார்ச்சில் கையில் ஒரு கவரைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த பதினாலு மாதம் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினேன். டிரக் போனது. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை இருந்ததால் வீடு நின்றது.

தம்பிக்கு அன்று ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்காவிட்டாலும் இது உங்களுக்கும்தான். கனடாவின் இந்த ஆல்பர்ட்டா மாகாணத்தில் நர்ஸ், டீச்சர், மளிகைக் கடைக்காரர் எல்லாருடைய சம்பளத்திலும் கொஞ்சம் எண்ணெய் ஒட்டியிருக்கிறது.

டிவியில் சொல்லும் விலை நம் விலை அல்ல

செய்தியில் சொல்வது டபிள்யூ.டி.ஐ., அதாவது அமெரிக்க லேசுரக எண்ணெயின் விலை. ஆல்பர்ட்டாவிலிருந்து போவதில் பெரும்பகுதி கனரக எண்ணெய். அதன் விலைக்குப் பெயர் டபிள்யூ.சி.எஸ்.; கிழக்கே ஹார்டிஸ்டி என்ற சின்ன ஊரில், பெரிய பெரிய தொட்டிகளுக்கு நடுவே நிர்ணயமாகிறது. இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளிதான் டிஃபரன்ஷியல்.

கணக்கு எளிது. டபிள்யூ.டி.ஐ. 70 அமெரிக்க டாலர், இடைவெளி 12 என்று வையுங்கள். நமக்குக் கிடைப்பது 58. ஒரு அமெரிக்க டாலருக்கு 1.37 கனடா டாலர் என்றால் கிட்டத்தட்ட 79 கனடா டாலர். விலை, இடைவெளி, நாணய மாற்று என்ற இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, மாதம் ஒருமுறை திருத்துங்கள். கனடா டாலர் இறங்கினால் ஊருக்குப் பணம் அனுப்பும்போது வலிக்கும். ஆனால் மாகாண கஜானாவுக்கு அது நல்ல சேதி.

இடைவெளி ஏன் வருகிறது? மணலிலிருந்து எடுக்கும் பிட்டுமென் ஆறிய வெல்லப்பாகு மாதிரி இருக்கும், கந்தகமும் அதிகம். லேசான எண்ணெயைக் கலக்காமல் குழாயில் ஓடாது. எல்லா ரிஃபைனரியும் அதை வாங்காது. இது போக, குழாய் நிரம்பிவிட்டால் விற்கிறவன் கெஞ்ச வேண்டும். 2018 இலையுதிர் காலத்தில் இடைவெளி 40 டாலரைத் தாண்டியது. முதல்வர் ரேச்சல் நாட்லி, இடதுசாரி என்.டி.பி. கட்சிக்காரர், 2019 ஜனவரி முதல் தினம் 3,25,000 பேரல் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டார். கட்சிக் கொடியின் நிறத்தை வைத்து இந்த ஊர் அரசியலைக் கணிக்காதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எட்மன்டனிலிருந்து பசிபிக் கடற்கரைக்குப் போகும் டிரான்ஸ் மவுண்டன் குழாயின் விரிவாக்கம் 2024 மே மாதம் திறந்தது. தினம் 3 லட்சம் பேரலாக இருந்த கொள்ளளவு 8,90,000 ஆனது. அதன்பின் இடைவெளி சுருங்கியது. இடைவெளி 20-ஐத் தாண்டுகிறது என்றால் எங்கோ குழாய் அடைத்திருக்கிறது, அல்லது அடைக்கப் போகிறது என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

மண் யாருடையது, பங்கு எவ்வளவு

நான் நெய்வேலிக்காரன். அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். அங்கே தோண்டுவது மத்திய அரசு நிறுவனம். ராயல்டி மாநிலத்துக்கு வந்தாலும் அது எவ்வளவு என்று தீர்மானிப்பது டெல்லி. ஃபோர்ட் மெக்மரி அருங்காட்சியக வாசலில் நெய்வேலியில் பார்த்த மாதிரியே ஒரு பக்கெட் வீல் இயந்திரம் காட்சிக்கு நிற்கிறது. முதல்முறை பார்த்தபோது வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். இயந்திரம் ஒன்றுதான், சட்டம் வேறு. இங்கே 1930-லிருந்து நிலத்தடி வளம் மாகாணத்தின் சொத்து. கனிம உரிமையில் சுமார் 81 சதவீதம் அரசின் கையில். கம்பெனி தோண்டும், மாகாணம் ராயல்டி வாங்கும்.

எண்ணெய் மணலில் ராயல்டி இரண்டு கட்டம். போட்ட முதல் திரும்பும்வரை மொத்த வருமானத்தில் 1 முதல் 9 சதவீதம். முதல் திரும்பிய பின் நிகர வருமானத்தில் 25 முதல் 40 சதவீதம். டபிள்யூ.டி.ஐ. 55 கனடா டாலரிலிருந்து 120-க்கு ஏற ஏற சதவீதமும் ஏறும். ஆக, விலை ஏறினால் லாபமும் பெருகுகிறது, அதில் அரசின் பங்கும் பெருகுகிறது. இறங்கினால் இரண்டும் சேர்ந்து விழும்.

இதனால்தான் 2020-21இல் மாகாணத்தின் வள வருமானம் சுமார் 310 கோடி டாலர். இரண்டே வருடத்தில், 2022-23இல், 2,500 கோடிக்கு மேல். முன்னதில் ஏறக்குறைய 1,700 கோடி பற்றாக்குறை, பின்னதில் 1,160 கோடி உபரி. அமைச்சர்கள் திறமைசாலிகளாகவும் மக்குகளாகவும் மாறி மாறித் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சதவீதம்.

பட்ஜெட்டில் ஒரு பக்கம் போதும்

மாகாண பட்ஜெட் வழக்கமாகப் பிப்ரவரி கடைசியில் வரும். நூற்றுக்கணக்கான பக்கம் படிக்க வேண்டாம். எண்ணெய் விலை என்னவாக இருக்கும் என்று வைத்திருக்கிறார்கள், அது ஒரு டாலர் மாறினால் எவ்வளவு வித்தியாசம் என்று இரண்டு எண் இருக்கும், அவற்றைத் தேடுங்கள். 2025 பட்ஜெட்டில் டபிள்யூ.டி.ஐ. 68 டாலர் என்று வைத்து, 520 கோடி பற்றாக்குறை காட்டினார்கள். ஒரு டாலர் இறங்கினால் 75 கோடி நஷ்டம். ஐந்து டாலர் இறங்கினால் 375 கோடி.

அந்தப் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது? விற்பனை வரி போட முடியாது. இங்கே மாகாண விற்பனை வரியே கிடையாது, ஒட்டாவாவின், அதாவது மத்திய அரசின், 5 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும்தான். புதிதாகப் போட வேண்டுமென்றால் முதலில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று 1995-லேயே சட்டம் செய்துவிட்டார்கள். டொரன்டோவிலிருந்து வருகிறவர்கள் முதல் வாரம் கடை ரசீதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். அந்த மிச்சத்தின் விலை வேறு இடத்தில் தெரியும்: புதுப் பேட்டையில் பள்ளிக்கூடம் தாமதமாகும், சம்பளப் பேச்சுவார்த்தை இழுக்கும். 2025 அக்டோபரில் 51,000 ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது என் மகள் மூன்று வாரம் வீட்டில் இருந்தாள். வீடு பார்க்கும்போது "பக்கத்திலேயே ஸ்கூல் வரப்போகுது" என்று ஏஜென்ட் சொன்னால், அதற்குப் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியாகிவிட்டதா என்று கேளுங்கள்.

நல்ல காலத்தில் சேர்த்து வைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அன்றைய முதல்வர் பீட்டர் லாகீட் 1976-ல் ஹெரிடேஜ் நிதி என்று ஓர் உண்டியல் ஆரம்பித்தார், வள வருமானத்தில் 30 சதவீதம் போடுவதாக. 1987-ல் போடுவதை நிறுத்திவிட்டார்கள். நார்வே தன் உண்டியலில் முதல் பணத்தைப் போட்டதே 1996-ல். இன்று அது இங்குள்ளதைப் போலப் பல மடங்கு. 2006-ல் பணம் கொட்டியபோது முதல்வர் ரால்ஃப் க்ளைன் அரசு குழந்தை குட்டி உட்பட ஆளுக்கு 400 டாலர் செக் கொடுத்தது. நம்மூர் பொங்கல் பரிசுக்கு இது அண்ணன்.

ஒட்டாவா மேல் கோபம்: எதை எடுப்பது, எதை விடுவது

இங்கே எந்தக் கூட்டத்திலும் கைதட்டல் வாங்க ஒட்டாவாவைத் திட்டினால் போதும். அதற்கு நியாயமான வேர் உண்டு. 1980-ல் பிரதமர் பியர் ட்ரூடோவின் அரசு கொண்டுவந்த தேசிய எரிசக்தித் திட்டம் உள்நாட்டு விலையை உலக விலைக்குக் கீழே பிடித்து வைத்தது. அப்போது வீட்டை இழந்தவர்களின் பிள்ளைகள் இன்று ஃபோர்மேன்களாக இருக்கிறார்கள். கேம்ப் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெயரை எடுத்துவிடாதீர்கள்.

ஆனால் "நம்ம பணத்தை க்யூபெக்குக்குக் கொடுக்கிறார்கள்" என்ற பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வருமானம் குறைந்த மாகாணங்களுக்கு ஒட்டாவா கொடுக்கும் ஈக்வலைசேஷன் என்ற அந்தச் சமன்படுத்தும் தொகைக்கு எட்மன்டனிலிருந்து யாரும் செக் அனுப்புவதில்லை. நாடு முழுவதும் எல்லாரும் ஒரே விகிதத்தில் கட்டும் மத்திய வரியிலிருந்து அது போகிறது. இங்கே சம்பளம் அதிகம் என்பதால் இங்கிருந்து அதிகம் போகிறது, அவ்வளவுதான். 2021 அக்டோபர் வாக்கெடுப்பில் சுமார் 62 சதவீதம் பேர் அதை அரசியல் சாசனத்திலிருந்து நீக்கச் சொன்னார்கள். சாசனம் அப்படியேதான் இருக்கிறது. ஒரு மாகாணம் தனியாக அதைத் திருத்த முடியாது. ஆகவே பேச்சைக் கேட்டதும் "இது மாகாணத்தின் கையில் இருக்கிறதா, ஒட்டாவாவின் கையில் இருக்கிறதா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ராயல்டி, பள்ளி, ஆஸ்பத்திரி, மின்சாரம் மாகாணத்தினுடையவை. மாகாண எல்லையைத் தாண்டும் குழாய் ஒட்டாவாவினுடையது.

குழாய்ச் செய்தியை நம்பி மட்டும் வீடு வாங்காதீர்கள். பசிபிக் கடற்கரைக்குப் போகவிருந்த நார்தர்ன் கேட்வே குழாய்க்கு 2014-ல் அனுமதி, 2016-ல் ரத்து. அமெரிக்காவுக்குப் போகவிருந்த கீஸ்டோன் எக்ஸ்.எல். குழாயில் மாகாண அரசு 2020-ல் மக்கள் பணத்தை இறக்கியது. 2021 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, அமெரிக்க அதிபர் பைடன் கையெழுத்துப் போட்டு அதன் அனுமதியை ரத்து செய்துவிட்டார். 2025 நவம்பரில் பிரதமர் மார்க் கார்னியும் மாகாண முதல்வர் டேனியல் ஸ்மித்தும் மேற்குக் கடற்கரைக்கு இன்னொரு குழாய் பற்றி உடன்படிக்கை போட்டபோது வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாணவேடிக்கை. அனுமதி, அடிக்கல், உடன்படிக்கை எதுவும் கணக்கில் வராது. குழாயில் எண்ணெய் ஓடியது என்ற சேதி வரட்டும். மேற்குக் கடற்கரைக்குக் கட்டி முடிந்த டிரான்ஸ் மவுண்டன் குழாயை ஒட்டாவாதான் 2018-ல் 450 கோடி கொடுத்து வாங்கி, சுமார் 3,400 கோடி செலவழித்து முடித்தது. இதைக் கூட்டத்தில் சொன்னால் கைதட்டல் வராது.

கடைசியாக வீட்டுக் கணக்கு

மின்கட்டணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே மின்சாரம் சந்தைச் சரக்கு; 2024 வரை ஒப்பந்தம் எடுக்காதவர்களுக்கு விலை மாதாமாதம் மாறியது. அவர்கள் 2023 ஆகஸ்டில் யூனிட்டுக்கு 32 சென்ட் வரை கட்டினார்கள். வீட்டுச் சாவி வாங்கும் வாரத்திலேயே நிலையான விலைக்கு ஓர் ஒப்பந்தம் போட்டுவிடுங்கள். கம்பிக் கட்டணமும் விநியோகக் கட்டணமும் யாரிடம் போனாலும் குறையாது, அதற்காக அலைய வேண்டாம்.

கடன் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு என் கணக்கு இது. ஓவர்டைம், கேம்ப் படி, டர்ன்அரவுண்ட் போனஸ் (ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்களுக்குத் தருவது) மூன்றையும் அடித்துவிட்டு வெறும் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வையுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் எண்ணெய் வேலை என்றால் ஒருவர் சம்பளத்தை முழுக்க அடித்துவிடுங்கள். அதில் தவணை கட்ட முடிகிறதா? எட்டு மாதத் தவணை தனியாக இருக்கிறதா? இருந்தால் வாங்குங்கள். எந்த விலையும் பார்க்கத் தெரியாதவர்களுக்கு ஒரு நாட்டு வைத்தியமும் உண்டு: பழைய சாமான் விற்கும் தளத்தில் பிக்கப் டிரக்கும் பனி வண்டியும் வரிசையாக வர ஆரம்பித்தால் லே-ஆஃப் தொடங்கிவிட்டது. செய்தித்தாளுக்கு மூன்று வாரம் முன்பே அங்கே தெரியும். 2015-ல் என் டிரக்கும் அந்த வரிசையில்தான் நின்றது.

வியாழக்கிழமை இரவு தம்பி கூப்பிட்டான். "டிஃபரன்ஷியல் பரவாயில்லைணா. ஆனா ஓவர்டைமை எடுத்துட்டுப் போட்டா அந்த வீடு கட்டுப்படியாகல. பக்கத்துத் தெருவுல ஒரு டவுன்ஹவுஸ் இருக்கு, அதைப் பார்க்கப் போறோம்."

கராஜ் எப்படி என்று கேட்டேன்.

"ஒரு கார்தான் நிக்கும்."

நல்லது, பிக்கப் நிற்காது.